பிள்ளையார் சுழி போட்ட நிரல்

ஜெயப்ரியா எதைத் தொடங்கினாலும் மேலே ஒரு ‘உ’ போடுவாள். பரீட்சைத் தாளில் போட்டாள், வேலைக்கான விண்ணப்பத்தில் போட்டாள். ரேஷன் கார்டு திருத்தப் படிவத்தில்கூடப் போட்டு, அதை அடித்தல் திருத்தல் என்று நினைத்த குமாஸ்தா படிவத்தையே திருப்பிக் கொடுத்தார். கொல்கத்தாவில் பிறந்து, வங்காள மொழியில் சண்டை போட்டு வளர்ந்த பெண். அவள் தடுமாறாமல் எழுதுகிற ஒரே தமிழ் எழுத்து அதுதான் என்று அவளுடைய அப்பா உத்தமன் கேலி செய்வார்.

உத்தமன் தூத்துக்குடிக்காரர். கிதர்பூர் துறைமுகத்தில் மின்பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு காளிகாட்டில் ஒரு சந்துக்குள், இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். ராஜர்ஹாட்டில் பதினாலாவது மாடியில் வீடு வாங்கிய மகள் வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். வந்தார், நாலு நாள் இருந்தார், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“பேச ஒரு ஆளு கிடையாது. மேகத்தோடயாட்டி பேசச் சொல்லுத?” என்பது அவர் சொன்ன காரணம்.

எழுபத்தைந்து வயதுக்காரரைத் தனியே விட்டுவிட்டு மகள் எப்படி நிம்மதியாக இருந்தாள் என்று கேட்பவர்கள் கேட்கலாம். இருந்தாள். அவளுடைய வேலையே அந்த நிம்மதியை விற்பதுதான்.

சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் பெயர் சொல்ல அவசியமில்லாத ஒரு சிறு நிறுவனம். பிள்ளைகள் பெங்களூருக்கும் டொராண்டோவுக்கும் போய்விட்ட வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத் தினமும் காலை ஏழு மணிக்கு அங்கிருந்து ஒரு போன் போகும். எடுத்து, ஒன்றை அழுத்தி, நாலு வார்த்தை பேசினால் போதும். அந்தக் குரல் பிள்ளையின் போனுக்குப் போய்விடும். கூடவே வங்காளத்தில் ஒரு வரி, ‘பாலோ ஆச்சேன்’, நலமாக இருக்கிறார். எடுக்காவிட்டால் பத்து மணிக்கு மறுபடி ஒரு போன், அப்புறம் ஒரு மணிக்கு. மூன்றையும் எடுக்கவில்லை என்றால் மூன்று மணிக்குப் பிள்ளைக்கு எச்சரிக்கை போகும். இடையில் ‘பாலோ ஆச்சேன்’ போய்விட்டால் எச்சரிக்கை தானாக ரத்தாகிவிடும். ஆயிரத்துச் சொச்சம் பேர் இப்படித் தினமும் நலமாக இருந்தார்கள், உத்தமனும் அவர்களில் ஒருவர்.

குரலை அனுப்பும் கம்ப்யூட்டர் புரோகிராமை, அந்த நிரலை, எழுதியவள் ஜெயப்ரியாதான். அது ஒரு கன்டெய்னருக்குள் ஓடியது. மகளும் தன்னைப்போல் கன்டெய்னர் லைனில்தான் இருக்கிறாள் என்று உத்தமன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இது இரும்புப் பெட்டியில்லை; கம்ப்யூட்டருக்குள் ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் போட்டுக் கதவைச் சாத்திவைத்த தனி அறை. திறந்ததும் எதை ஓட்டுவது என்று ஒரு தொடக்கக் கட்டளை எழுதவேண்டும். நிரலின் பெயரை நேராக எழுதியிருந்தால் தீர்ந்தது விஷயம். அவளுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, அதைக் கட்டளையாக வைத்தாள்; ஷெல் என்பது வரி வரியாகப் படித்து மற்ற நிரல்களை ஓட்டிவிடும் ஒரு நிரல். முதல் வரி, நடப்பதையெல்லாம் நேரத்தோடு காட்டும் பதிவேட்டில் ‘உ’ என்று அச்சடிக்கும். இரண்டாவது வரி நிரலைக் கூப்பிடும்.

முடிவுக்கும் ஒரு வரி எழுதியிருந்தாள். ‘நின்றுகொள்’ என்று உத்தரவு வந்ததும் நிரல் அன்றுவரை எதையெல்லாம் அனுப்பி முடித்தது என்று, அடுத்த முறை தொடங்கும்போது பார்த்துக்கொள்ள, ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு, கடைசியாக ‘போயிட்டு வரேன்’ என்று பதிவேட்டில் சொல்லிவிட்டு நிற்கும். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. நாலு வருஷத்தில் அந்த வரி ஒரு தடவைகூட அச்சாகவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, அவளும்தான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையிலிருந்தே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பதினொரு மணி வாக்கில், புடவையின் கொசுவம் முழங்கால்வரை நனைந்த ஒரு பெரியம்மா அலுவலகத்துக்கு வந்தார். பெயர் சகுந்தலா. அலிப்பூரில் மகனுடைய அரசுக் குடியிருப்பில் இருப்பவர்.

“தமிழ்ப் பொண்ணு ஒருத்தி இருக்கான்னு கீழே சொன்னா. நீதானாம்மா?”

“ஆமா மாமி. உக்காருங்க. என்ன கம்ப்ளெயின்ட்?”

“கம்ப்ளெயின்ட் இல்லம்மா. ஒரு சின்ன ஒத்தாசை. எங்கண்ணா வைத்தியநாதன், சாந்த்ராகாச்சியில தனியா இருந்தான். ரயில்வேல ரிடையர் ஆனவன். தெனம் கார்த்தால உங்க போன்லதான் எனக்குச் சேதி சொல்லுவான்.”

“இப்ப வர்றதில்லையா?”

“வரதே. ஆனா மத்தியானம் ரெண்டரை மணிக்கு வரது. நான் அசந்து தூங்கிடறேன். அதைக் கார்த்தாலயே வர மாதிரி மாத்த முடியுமான்னு கேட்கத்தான் வந்தேன்.”

ஜெயப்ரியா கணக்கைத் திறந்தாள். வைத்தியநாதன் என்ற பெயருக்கு எதிரே, சித்திரை மாதமே கணக்கு மூடப்பட்டது என்று இருந்தது. காரணம்: காலமானார்.

“மாமி... இதுல அவரு...”

“ஆமாம், சித்திரையில போயிட்டான். எனக்குத் தெரியாதா? கூடவே இருந்து பதிமூணு நாள் காரியத்தையும் பாத்தவ நான்தானே.” அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். “அதுக்கப்புறம் மூணு தரம் பேசிட்டான். கேளேன்.”

முதலில் ரயில் பெட்டிகள் கோர்க்கப்படுகிற ‘டங்’ சத்தம். அப்புறம் கொஞ்சம் கரகரத்த, அவசரமில்லாத குரல். “சகு, எழுந்தாச்சு. காபி ஆச்சு. நன்னா இருக்கேன்.”

ஜெயப்ரியாவுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. தொழில்நுட்பம் படித்தவர்களுக்குச் சில்லிடாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

“உங்களுக்குப் பயமா இல்லையா மாமி?”

“எதுக்குடிம்மா பயம்? நன்னா இருக்கேன்னுதானே சொல்றான்.”

நேரத்தை மாற்றிப் பார்க்கிறேன் என்று பொய் சொல்லி அவரை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தாள். மேலதிகாரி ஹரிஷங்கரிடம் சொன்னாள். அந்த ஆபீசில் மூத்தவர்கள் எல்லோரையும் பெயரோடு ‘தா’ சேர்த்து, அண்ணா என்று கூப்பிடுவது வழக்கம்.

“ஹரி-தா, இது சாதாரண பக் இல்ல. செத்துப்போனவர் பேசறாரு.”

“அரே, டூப்ளிகேட் மெசேஜ்தான் ஜெயா. நெட்வொர்க். வெர்ஷன் ஏத்தற நாள்ல எல்லாருக்குமே ரெண்டு தடவை போகுது. ஒரு கஸ்டமர் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காரு தெரியுமா, மத்தியானமும் விசாரிக்கறீங்கன்னு!”

உயிரோடிருப்பவர்கள் இரண்டு தடவை நலம் என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? அதனால்தான் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை. ஜெயப்ரியா இடத்துக்கு வந்து, காலமானதாகக் கணக்கு மூடிய பிறகும் செய்தி போய்க்கொண்டிருக்கும் பெயர்களை மட்டும் தேடி எடுத்தாள். பத்தொன்பது பேர். மிகப் பழையவர் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. வைத்தியநாதனைத் தவிர்த்து மீதிப் பதினெட்டு வீடுகளிலிருந்தும் ஒரு புகார்கூட வரவில்லை.

அந்தப் பதினெட்டு வீட்டுக்காரர்களும் பயத்தில் வாயைத் திறக்காமல் இருக்கிறார்களா, அல்லது அடுத்த மத்தியானத்துக்காகக் காத்திருக்கிறார்களா? அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவை மூடிவைத்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினாள்.

புது வடிவம் ஏற்றுவதென்றால் பழைய நிரலை நிறுத்திப் புதியதைத் தொடங்கவேண்டும். அதை எப்போதும் இரண்டரை மணிக்குச் செய்வார்கள். ஊரே சோறு சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருக்கும், பெரியவர்கள் யாரும் போனைத் தொடமாட்டார்கள். பதிவேட்டில் ஒவ்வொரு தொடக்கத்திலும் ‘உ’ பளிச்சென்று இருந்தது. முடிவு ஒன்றில்கூட ‘போயிட்டு வரேன்’ இல்லை. ஏதோ ஒரு வரி பாதியில் அறுந்திருக்கும், கீழே அடுத்த ‘உ’. இன்னொன்றும் பார்த்தாள். நிறுத்து என்று உத்தரவு போன நேரத்துக்கும் நிரல் செத்த நேரத்துக்கும் நடுவே எப்போதும் பத்து விநாடி. ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை.

அவளுடைய மடிக்கணினியில் அந்த நிரல் சொன்ன சொல்லுக்கு நின்றது. ஏனென்றால் அங்கே அவள் அதை ஸ்கிரிப்ட் இல்லாமல் நேராக ஓட்டுவாள். ஆகவே நிஜமான இடத்திலேயே நிறுத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். ஹரிஷங்கர் கொட்டாவி விட்டபடி சரி என்றார். மணி இரண்டு முப்பத்தொன்று.

நிறுத்து.

ஒன்று, இரண்டு, மூன்று. திரையில் நிரல் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ கதவைத் தட்டுவதே அதன் காதில் விழவில்லை. நாலு, ஐந்து. உள்ளே யார் யார் ஓடுகிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தாள். அவளுடைய நிரலுக்கு எண் ஏழு. முதல் எண்ணில் உட்கார்ந்திருந்தது ஷெல், அவள் ‘உ’ போடுவதற்காகக் கொண்டுவந்து வைத்த அதே ஷெல். ஆறு, ஏழு. நிறுத்தச் சொல்லும் உத்தரவு அறைக்குள் முதலாமவனிடம் மட்டும்தான் வரும். இந்த முதலாமவனுக்கு அதை என்ன செய்வதென்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அவன் தானும் நிற்கமாட்டான், உள்ளே இருப்பவனிடம் சொல்லவும் மாட்டான். எட்டு, ஒன்பது. பத்தாவது விநாடியில் இயங்குதளம் பொறுமை இழந்து, யாராலும் மறுக்க முடியாத உத்தரவைப் போட்டு அத்தனையையும் ஒரேயடியாகக் கொன்றது.

திரை ஒரு கணம் வெறுமையாக இருந்தது. அப்புறம் ஒரு ‘உ’.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். நாலு வருஷமாக அந்த நிரலிடம் நின்றுகொள் என்று சொல்ல ஆளில்லை. ஆகவே அது ஒரு நாளும் குறிப்பேட்டில் எழுதவில்லை. அதனால் ஒவ்வொரு முறை பிறக்கும்போதும், எவருடைய குரலையும் தான் இன்னும் அனுப்பவே இல்லை என்று நினைத்து, ஒவ்வொருவரும் கடைசியாகப் பேசியதை மறுபடி எடுத்து அனுப்பியது. உயிரோடிருப்பவர் மறுநாள் புதிதாகப் பேசிவிடுவார், பழையது அழிந்துவிடும். கணக்கை மூடினால் காலைப் போன்தான் நிற்கும்; இறந்தவரின் கடைசி வார்த்தை அழிய வழியே இல்லை.

மேஜைமேல் அவளுடைய போன் அதிர்ந்தது. அப்பா. ‘பாலோ ஆச்சேன்.’

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தன் சோதனையில் தனக்கே ஒரு நகல் வந்துவிட்டதே என்று குரலை ஒலிக்கவிட்டாள்.

“ஏட்டி ஜெயா, நல்லாத்தான் இருக்கேன். வெயிலு சுள்ளுன்னு அடிக்கி. கொடியில துணியெல்லாம் போட்டாச்சு.”

ஜன்னலுக்கு வெளியே மழை. விடிவதற்கு முன்பிருந்தே மழை. எதிர்க் கட்டிடமே தெரியாத அளவுக்கு மழை.

இது நேற்றுப் பேசியது.

அப்படியானால் இன்று காலை அப்பா பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை. பேசாவிட்டால் எச்சரிக்கை வரும் என்று தெரிந்ததனால், செய்தி வந்ததா என்று பார்க்கும் பழக்கமே அவளுக்குப் போய்விட்டிருந்தது. அப்பாவின் கணக்கைத் திறந்தாள். ஏழு மணி, எடுக்கவில்லை. பத்து மணி, எடுக்கவில்லை. ஒரு மணி, எடுக்கவில்லை. மூன்று மணிக்குப் போகவேண்டிய எச்சரிக்கைக்கு எதிரே புதிதாக ஒரு வரி விழுந்திருந்தது: ரத்து, நலம் தெரிவிக்கப்பட்டது. தெரிவித்த நேரம் இரண்டு முப்பத்தொன்று. அவள் செய்த சோதனை அது.

அப்பாவின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கீழ்வீட்டு மீராவுக்கு அடித்தாள். தெருவே ‘பௌதி’, அண்ணி என்று கூப்பிடும் மனுஷி. அவள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள் போலிருக்கிறது. மூன்றாவது தடவைதான் எடுத்தாள். காலையிலிருந்து ‘மேசோமஷாய்’, பெரியப்பா, கீழே இறங்கி வரவில்லை, மழைக்காக வரவில்லை என்று தான் நினைத்ததாகச் சொன்னாள். மேலே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தாள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, தட்டினால் மழைச் சத்தத்தில் பதில் எதுவும் கேட்கவில்லை, தெருமுனைக் கிளப் பையன்களைக் கூட்டி வருகிறேன் என்றாள்.

ஜெயப்ரியா எழுந்துவிட்டாள். ஆனால் வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அவளிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

“ஹரி-தா, இன்னிக்கு மூணு போனும் எடுக்காதவங்க எங்கப்பாவோட சேத்து நாலு பேரு. மத்த மூணு பேரோட அலெர்ட்டையும் நான்தான் இப்ப அழிச்சிருக்கேன். ஒவ்வொரு வீட்டுக்கும் கையால போன் பண்ணுங்க. இப்பவே. நெட்வொர்க்குன்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லாதீங்க.”

ஹரிஷங்கர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

தெருவெல்லாம் தண்ணீர், டாக்ஸி ஒன்றும் வரவில்லை. மெட்ரோவில் ஏறினாள். எஸ்ப்ளனேடில் வண்டி மாற வேண்டும். சுரங்கத்துக்குள் போனில் சிக்னல் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவின் குரலையே திரும்பத் திரும்பக் கேட்டாள். நல்லாத்தான் இருக்கேன். வெயிலு சுள்ளுன்னு அடிக்கி. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாலாவது தடவை கேட்கும்போது பாதியில் நிறுத்தினாள். சகுந்தலா மாமியின் போனில் இருப்பதற்கும் தன் போனில் இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். காளிகாட் வரும்வரை அதை எடுக்கத் தைரியம் வரவில்லை.

சந்து முனையிலேயே கூட்டம் தெரிந்தது. இரண்டாம் மாடிக் கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஏழெட்டுக் கிளப் பையன்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், குளியலறை வாசலில், ஜமுக்காளத்தைத் தலைக்கு அண்டக்கொடுத்து உத்தமன் கிடந்தார். இடது கால் கோணலாக இருந்தது. கண் திறந்திருந்தது.

“அப்பா!”

“வந்துட்டியாட்டி. மொதல்ல இந்தப் பயலுவளக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு. கதவ ஒடச்சதுக்கு இவ்வளவு பெருமையா?”

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டே அழுதாள். மீரா பௌதி அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். ஆம்புலன்ஸ் வரும்வரை உத்தமன்தான் பேசிக்கொண்டிருந்தார். ஆறரை மணிக்கு வழுக்கி விழுந்தார். இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டதாம். போன் கட்டில்மேல் இருந்தது, எட்டு அடி தூரம்.

“மூணு வாட்டி அடிச்சுது. மூணு வாட்டியும் கேட்டேன்ட்டி. வாரேன், வாரேன்னு சொல்லிக்கிட்டுத்தான் கெடந்தேன். அதுக்குக் கேக்கவா போகுது. சரி, எடுக்கலன்னா என் மவளுக்குத் தெரிஞ்சுரும், மூணு மணிக்கு வந்துருவான்னு கெடந்தேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “கரெக்டா மூணு மணிக்கு ஆள அனுப்பிட்டியே. உன் மிஷினு கெட்டிதான்.”

மிஷின் என்ன சொன்னது என்று ஜெயப்ரியா அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஹரிஷங்கர் போன் செய்தார். இரண்டு பேர் ஊருக்குப் போயிருக்கிறார்கள், ஒருவர் காது மெஷினைக் கழற்றிவைத்திருக்கிறார், மூவரும் நலம், தானே பேசினேன் என்றார். நலம் என்ற சொல்லைச் சொல்லும்போது அவருடைய குரலும் தயங்கியது.

மறுநாள், ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே அவள் அதைத் திருத்தினாள். ‘உ’வை எடுக்கவில்லை. இரண்டாவது வரியின் முன்னால் ‘எக்ஸெக்’ என்ற ஒரே ஒரு கட்டளைச் சொல்லைச் சேர்த்தாள். சுழியைப் போட்டுவிட்டு ஷெல் எழுந்து தன் இடத்தை நிரலுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடும். முதலாம் எண் நிரலுக்கு, உத்தரவு நேராக அதன் காதில் விழும். ஏற்றிவிட்டு, ஒரு தடவை நிறுத்திப் பார்த்தாள். ஒரு விநாடிகூட ஆகவில்லை. குறிப்பேட்டில் ஆயிரத்துச் சொச்சம் பெயர்களும் எழுதப்பட்டன, பத்தொன்பது பெயர்கள் உட்பட. பதிவேட்டில் முதன்முறையாக அந்த வரி வந்தது: போயிட்டு வரேன்.

இரண்டு வாரம் கழித்து சகுந்தலா அழைத்தார்.

“நீ நேரத்தை மாத்தினயாம்மா? கார்த்தாலயும் வரலை, மத்தியானமும் வரலை. இப்பல்லாம் நான் தூங்கறதே இல்லை, முழிச்சிண்டே இருந்து பாக்கறேன்.”

“இனிமே வராது மாமி. தப்பு என் மேலதான். சரிபண்ணிட்டேன்.”

“அப்போ போயிட்டானா? சித்திரையில ஒருத்தர்கிட்டயும் சொல்லிக்கலை, தூக்கத்துலயே போயிட்டான். இப்பவாவது சொல்லிண்டானோ?”

ஜெயப்ரியா திரையில் இருந்த வரியைப் பார்த்தாள். “சொன்னாரு மாமி. போயிட்டு வரேன்னு சொன்னாரு.” மற்றப் பதினெட்டு வீடுகளிலிருந்தும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

உத்தமன் இப்போது ராஜர்ஹாட்டில், பதினாலாவது மாடியில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச ஆளில்லை என்ற குறை அப்படியே இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அவருடைய போன் அடிக்கும். ஒன்றை அழுத்திப் பேசுவார். சமையலறையில் நிற்கும் மகளுக்குச் சுவர் வழியாக ஒரு தடவை கேட்கும், போன் வழியாக இன்னொரு தடவை.

“ஏட்டி ஜெயா, நல்லாத்தான் இருக்கேன். மழ தூறுது.”

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு முதலில் ஜன்னலுக்குப் போகிறாள். தூறுகிறதா என்று கையை வெளியே நீட்டிப் பார்க்கிறாள். அப்புறம்தான் அப்பாவின் அறைக் கதவைத் திறக்கிறாள்.